கோட்டுக்கு உள்ளே இருக்கிற ஊர்கள்: கொள்ளிடம் முதல் முத்துப்பேட்டை வரை ஏழு நாள்

முதல் நாள்: திருவரங்கம், உத்தமர்சீலி, கல்லணை

இந்தப் பயணம் எங்கள் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஆரம்பித்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊரில் ஒரு சோழர் காலத்துக் கோயில், வாசலில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று நீலப் பலகை. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கோபுரம் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் வீட்டின் மேற்குச் சுவர் இறங்கிவிட்டது. எடுத்துக் கட்டலாம் என்று போனால், நூறு மீட்டருக்குள் இருக்கிறது, செங்கல் ஒன்றைக்கூட எடுத்து வைக்காதீர்கள், மத்திய அரசு சட்டம், ஜெயில் என்று ஒரு அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தார். அப்புறம் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது.

காரியம் முடிந்து ஊர் திரும்பியபோது மாமாதான் அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்துவிட்டு வந்து சொன்னார்: பழைய வீட்டைப் பழுது பார்க்க வழி இருக்கிறது, எழுதிக் கேட்டிருக்க வேண்டும், அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. மாமா நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி பிடித்து அளந்த காலத்து ஆள். கோடு என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. அன்றைக்கே முடிவு செய்தோம், இப்படிச் சட்டம் போட்ட கோட்டுக்கு உள்ளே இருக்கிற ஊர்களை, முக்கியமாக ஆற்றுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கிற திட்டுகளையும் தீவுகளையும் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று. அதற்கு இந்தத் தையில்தான் நேரம் கிடைத்தது. ஒரே பைக், பின்னால் மாமா, அவர் மடியில் ஒரு நோட்டும் மடக்கு டேப்பும்.

திருவரங்கமும் தீவுதான் என்பதை அங்கே இருக்கிறவர்களே பாதி நேரம் மறந்துவிடுகிறார்கள். முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன, நடுவில் இருப்பது தீவு. ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரம், 1987-ல் முடிந்த 236 அடி ராஜகோபுரம் எல்லாம் தீவின் நடுப்பகுதியில். நாங்கள் அதை விட்டுவிட்டுக் கிழக்கே போனோம். உத்தமர்சீலி, கிளிக்கூடு, இரண்டு பக்கமும் வாழை, வாழை, வாழை. உத்தமர்சீலித் தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். வெள்ளக் காலத்தில் காவிரி மிஞ்சினால் இதன் மேல் ஏறி வழிந்து கொள்ளிடத்துக்குப் போகும். அன்றைக்கு ரோடும் இல்லை, வாழைத்தார் ஏற்றிய வண்டியும் இல்லை. ஒரு டீக்கடையில் இருந்த பெரியவர் கேட்டார், "கோயில் தீவுக்குப் பாலத்து மேல பாலமா வருது, நாங்களும் அதே தீவுதானே தம்பி?" என்று. மாமா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மேட்டூரை மூடும் கணக்குத் தேதி ஜனவரி 28. அதனால் கல்லணையில் தண்ணீர் இளைத்துக் கிடந்தது. கரிகாலன் சிலையைப் பார்த்துவிட்டுத் திருவையாறு வழியாகக் கும்பகோணம் போய்ப் படுத்தோம்.

இரண்டாம் நாள்: அணைக்கரை, கங்கைகொண்ட சோழபுரம்

காலையில் பனி விலகுவதற்குள் அணைக்கரை. இது கீழணை, 1836-ல் கட்டியது. இங்கிருந்துதான் வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. அணையின் பழைய கருங்கல்லைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார் மாமா. காரணம் இருக்கிறது. இந்த அணை கட்டும்போது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வெளி மதிலையும் முன் கோபுரத்தையும் பெயர்த்துத்தான் கல் கொண்டுவந்தார்கள். ராஜேந்திரன் கட்டிய மதில் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. பாதுகாப்புச் சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த அணைக்குக் கூட்டிவந்து காட்டலாம். அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்த மதில் இன்றைக்கு நின்றிருக்கும். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நிறைய இடத்தில் சட்டத்தைப் பற்றி வருத்தமாக எழுதப் போகிறேன், சட்டமே வேண்டாம் என்கிற கட்சி நான் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பதினொரு மணிக்குப் போனோம். தஞ்சைக் கோயிலுக்கு 1987-லும் இதற்கும் தாராசுரத்துக்கும் 2004-லும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி வந்தது. புல்வெளி, வெயிலில் மின்னுகிற விமானம், நந்தி. எத்தனை தடவை வந்தாலும் எனக்கு இங்கே பேச்சு வராது.

வெளியே வந்து ஊருக்குள் நடந்தபோது மாமா விளக்கினார். 1958-ம் வருஷத்துச் சட்டம். 1992 ஜூன் 16-ல் ஒரு அறிவிக்கை, நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்த பகுதி, அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்திய பகுதி என்று. 2010 திருத்தத்தில் அது சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது, அதோடு தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் வந்தது. தடை செய்த பகுதியில் புது வீடு கிடையாது. ஆனால் 1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்க, புதுப்பிக்க அனுமதி கேட்கலாம். கழிவுநீர் வாய்க்கால், பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான குடிநீர் வேலை, இதெல்லாம் கட்டுமானம் என்ற சொல்லுக்குள்ளேயே வராது என்று சட்டத்தின் விளக்கப் பிரிவில் இருக்கிறது.

"இருக்குல்ல மாப்ள? எழுதி இருக்குல்ல? இதை எந்தப் பலகையிலயாவது பார்த்தியா?"

பார்க்கவில்லை. நீலப் பலகையில் என்ன செய்யக்கூடாது, மீறினால் என்ன தண்டனை என்பதுதான் இருக்கிறது. இரண்டு வருஷச் சிறை, ஒரு லட்சம் அபராதம். என்ன செய்யலாம், யாரிடம் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால் பெரியப்பா தன் வீட்டில் இறந்திருப்பார். மாளிகைமேட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே மண்ணுக்கு அடியில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம், கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஆட்டுக்குட்டிகள்.

மூன்றாம் நாள்: நாதல்படுகை

சிதம்பரத்தில் தங்கி, காலையில் கொள்ளிடம் பாலம் தாண்டி, அளக்குடிப் பக்கம் கரைமேல் போனோம். படுகை என்றால் தெரியாதவர்களுக்கு: ஆற்றின் வெள்ளக் கரைக்கும் தண்ணீர் ஓடுகிற தடத்துக்கும் நடுவில் இருக்கிற வண்டல் நிலம். சேறு காய்ந்தால் பொன் மாதிரி மண். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், இந்த ஊர்கள் எல்லாம் கரைக்கு உள்பக்கம், அதாவது ஆற்றுக்குள்ளே இருக்கின்றன. மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் 2018, 2022, 2024 என்று ஒவ்வொரு தடவையும் டிவியில் வருகிற ஊர்கள் இவைதான். அப்போது எல்லோரும் ஆடு மாடு, அரிசி மூட்டை, ரேஷன் கார்டு சகிதம் கரைமேல் ஏறிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் இறங்கிப்போய்ச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டுக் கத்தரியும் வெண்டையும் மறுபடி போடுவார்கள்.

நாங்கள் போனபோது முல்லை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, மடியில் பூவோடு, எங்களை அரசாங்க ஆள் என்று நினைத்துக்கொண்டார். மாமா கையில் டேப் இருந்ததுதான் காரணம். "அளக்க வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று விளங்க வைப்பதற்குக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் மோர் கொடுத்தார்.

வீடுகள் பெரும்பாலும் கூரை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிறார்கள், ஆனால் பட்டா வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் பட்டா எப்படி வரும்? ஆற்றுக்குள் அடைப்பு வரக்கூடாது, வெள்ளம் போக வழி வேண்டும், அது நியாயம்தான். இன்னொரு பக்கம் முதலை. அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும் அதன் வாய்க்கால்களிலும் முதலை உண்டு, முதலைமேடு என்று பேரே இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தடவை மாட்டைக் குளிப்பாட்டும்போது காலில் கடி வாங்கியிருக்கிறார். காட்டினார், கெண்டைக்கால் சதை குழிந்து போயிருந்தது. முதலையை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அது எங்க போகும் தம்பி, அதுக்கும் ஆறுதான். எங்களுக்குக் குளிக்கிற இடத்துல கம்பி வேலி போட்டுக் கொடுத்தா போதும்" என்றார்.

கம்பி வேலி. தண்ணீருக்குள் நாலு குழாயும் வலையும். இதற்குப் பல வருஷமாக மனு கொடுக்கிறார்களாம். ஆறு ஒரு துறை, முதலை ஒரு துறை, ஊராட்சி ஒரு துறை, மூன்றும் ஒன்றை ஒன்று கைகாட்டுகின்றன.

மதியம் கரைமேல் உட்கார்ந்து எனக்கும் மாமாவுக்கும் பெரிய வாக்குவாதம். நான் பட்டா கொடுத்தால் என்ன என்றேன். மாமா முடியவே முடியாது என்றார். ஆற்றுக்குள் கான்கிரீட் வீடு கட்ட இன்றைக்கு இந்த அக்காவுக்கு அனுமதி கொடுத்தால், நாளைக்கு ரிசார்ட் கட்டுகிறவன் அதே காகிதத்தைக் காட்டுவான், அடுத்த வெள்ளத்தில் கரை உடைந்தால் வெளியே இருக்கிற நூறு ஊர் போகும் என்றார். "கரைக்கு வெளிய மனை கொடு, உள்ள சாகுபடி உரிமையை எழுதிக் கொடு, வெள்ளத்துக்கு ஏறி நிக்க தூண் மேல ஒரு கூடம் கட்டு. மூணும் ஒண்ணா நடந்தா ஜனங்களே இடம் மாறுவாங்க. மனையை மட்டும் அஞ்சு மைல் தள்ளிக் கொடுத்தா, வயலை விட்டுட்டு எவன் போவான்?" எனக்கு அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

நான்காம் நாள்: பிச்சாவரம், கொடியம்பாளையம்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

பிச்சாவரத்தில் படகுத் துறை திறக்கும் முன்பே போய்விட்டோம். சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன, உள்ளே போகப் போக வாய்க்கால் குறுகி ஒரு கட்டத்தில் கிளைகள் தலைக்குமேல் கூடிவிடுகின்றன. தில்லை மரமும் இங்கே உண்டு. பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்த மரத்தால். 2022 ஏப்ரலில் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 1,478 ஹெக்டேர். அதற்கு ரொம்ப முன்பே இது காப்புக் காடு. பழைய காலத்தில் மரத்தைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்ததில் மண் பள்ளமாகி, உப்பேறி, மரம் முளைக்காமல் போன இடங்களில், மீன் முள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் வெட்டி ஏற்ற நீரை உள்ளே விட்டு மறுபடி காடு வளர்த்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. பார்க்கவே மனசு நிறைகிறது.

படகு ஓட்டிய அண்ணன் கிழக்கே கை காட்டினார். அந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு. 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் அது ஊர். கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல் திட்டு, அலை நேராக ஏறியது. மிச்சம் இருந்தவர்கள் கிள்ளைப் பக்கம் வந்துவிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலை வேகம் குறைந்துதான் வந்தது. அதனால் இந்தப் பக்கத்து மீனவர்களிடம் காட்டைப் பற்றித் தப்பாக ஒரு சொல் வாங்க முடியாது. இருளர் குடியிருப்பிலும் பேசினேன். வலை இல்லாமல், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். காட்டுக்கு அவர்களால் ஒரு சேதமும் இல்லை, ஆனாலும் எந்த வாய்க்காலில் இறங்கலாம் எதில் கூடாது என்பது அவர்களுக்கு இன்னும் வாய்ச்சொல்லாகத்தான் இருக்கிறது.

கொடியம்பாளையத்துக்குப் பாலம் தாண்டிப் போனோம். தெற்கே கொள்ளிடம் கடலில் விழுகிற முகத்துவாரம், கிழக்கே கடல், மற்ற பக்கங்களில் கழியும் உப்பனாறும். நேர் தெற்கே முகத்துவாரத்துக்கு அக்கரையில் பழையாறு துறைமுகம். ஊர் மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி வட்டம். ஆனால் ரோடு போவது கடலூர் மாவட்டத்துக்குள், சிதம்பரத்துக்கு. ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் அடுத்த மாவட்டத்துக்குள் போய்ச் சுற்றி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, தன் மாவட்டத்துக்குள் திரும்ப வர வேண்டும். ஆத்திர அவசரத்துக்குப் படகில் அக்கரை போகிறார்கள், முகத்துவாரத்து நீரோட்டத்தில்.

வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். வெயிலுக்கு ஒரு ஓலைப் பந்தல். இந்தப் பந்தலுக்குப் பதிலாக ஒரு வலைக்கூடம், கான்கிரீட் தூண், மேலே தகரம், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. "சி.ஆர்.இசட்-ல வருது, முடியாதுங்கறாங்க" என்றார் ஒருவர். என்ன சி.ஆர்.இசட்., எந்தப் பிரிவு, எத்தனை மீட்டர் என்று மாமா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, தெரியாதது அவர்கள் குற்றமும் இல்லை.

மாமா நோட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் வந்தது 1991-ல், அப்புறம் 2011, அப்புறம் 2019. அலையாத்திக்காடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் ஒன்று-ஏ, மிகக் கடுமையான பிரிவு. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரும் அதே கணக்கில் சேரும். கிராமங்கள் மூன்றாம் பிரிவு. 2019-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் கடலிலிருந்து 50 மீட்டர் வரைதான் தடை, குறைவாக இருந்தால் 200 மீட்டர் வரை தடை. நெருக்கமாக இருக்கிற ஊருக்குத் தளர்வு, சிதறி இருக்கிற சின்ன ஊருக்கு இறுக்கம். கழியின் ஓரத்துக்குத் தனிக் கணக்கு. தீவில் நாலு பக்கமும் ஏற்ற நீர். எந்தப் பக்கத்திலிருந்து டேப்பைப் பிடித்தாலும் கோடு ஊருக்குள் வந்து விழுகிறது. மாமா உண்மையிலேயே கழி ஓரத்திலிருந்து டேப்பைப் பிடித்துக் காட்டினார், சின்னப் பையன்கள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"ஆனா இதைக் கேளுங்க" என்றார் மாமா. தடைப் பகுதிக்குள்ளேயே, அங்கே வாழ்கிற மக்களுக்குத் தேவையான பள்ளிக்கூடம், மருந்தகம், சமுதாயக் கழிப்பறை, சாலை, பாலம், குடிநீர், மழைக்கு ஒதுங்கும் கூடம் இவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்று விதி இருக்கிறது. முடியாது என்பது விதி இல்லை. கேட்டால், காகிதம் சரியாகப் போனால், கிடைக்கலாம். அந்தக் காகிதம் போகிற தூரம்தான் பிரச்சினை. ஊராட்சியிலிருந்து மாவட்டக் குழு, அங்கிருந்து சென்னையில் மாநில ஆணையம், நடுவில் வரைபடத்தோடு ஒரு அறிக்கை. ஒரு ரிசார்ட்டுக்கு இதைச் செய்ய ஆள் வைக்கலாம். வலைக்கூடத்துக்கு யார் வைப்பார்கள்?

நாலு பேரில் மூத்தவர் இன்னொன்றும் சொன்னார். 2023 ஆகஸ்ட்டில் புது வரைபட வரைவு மேல் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்டபோது, மீனவ ஊர்களும் வலை காயப்போடும் இடங்களும் படகு ஏற்றும் கரையும் குறிக்கப்படவில்லை என்று தமிழ்நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. வரைபடத்தில் மரம் இருக்கிறது, ஆமை இருக்கிறது, மணல்மேடு இருக்கிறது. மூன்று தலைமுறையாக வலை காய்கிற மணல் வெறும் வெள்ளையாக இருக்கிறது. இந்த ஏழு நாளில் என்னை ரொம்பவும் உறுத்தியது இதுதான். மரத்தையும் ஆமையையும் குறித்தது சரி, ரொம்பச் சரி. அதே பேனாவால் வலைக் களத்தையும் குறித்திருந்தால், அந்த நாலு பேரும் இன்றைக்குத் தங்கள் இடத்தைக் காட்டி உரிமையோடு கேட்டிருப்பார்கள், கெஞ்சியிருக்க மாட்டார்கள்.

கடல் அரிப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிப் போடுகிற தடுப்பு, போட வேண்டும் என்று ஒரு தரப்பு. இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, இங்கே கல்லைக் கொட்டித் தடுத்தால் வடக்கே இருக்கிற ஊருக்கு மணல் போகாது, அங்கே அரிக்கும் என்றார். பங்குனி ஆமை முட்டை போட ஏறுகிற கரையும் போகும். அதை ஒரு மீனவர் வாயால் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சென்னையில் இதைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் மீனவருக்கு இது தெரியாது என்பது போலவே பேசுகிறார்கள்.

சாயந்திரம் கிளம்பும்போது நண்டுக் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள்: தரங்கம்பாடி

பாதி நாள் சீர்காழியில் பஞ்சர் ஒட்டுவதில் போனது. தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கல் மாதிரி நிற்கிறது, 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எடுத்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் எப்போதோ எடுத்துவிட்டது. மிச்சத்தைக் கல் கொட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பக்கத்து மீனவத் தெருவில் வேலை நாள், யாருக்கும் பேச நேரம் இல்லை. ராத்திரி வேதாரண்யம்.

ஆறாம் நாள்: கோடியக்கரை

போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவிடம். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் டெல்டா முழுக்க நடந்து வந்து 30-ம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். உப்பு அள்ளுவதற்கு ஏகாதிபத்தியத்தோடு மோதிய மண்.

கோடியக்கரை தீவு இல்லை, ஆனால் ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை, பின்னால் சதுப்பு, நடுவில் காடு. தீவு மாதிரியேதான் வாழ்க்கை. 1967-ல் சரணாலயம் ஆனது, முக்கியமாக வெளிமானுக்காக. 2002-ல் ராம்சர், 38,500 ஹெக்டேர், இதில் தலைஞாயிறு, முத்துப்பேட்டைக் காடுகளும் சேர்த்தி. ஏறத்தாழ இருபது வருஷம் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் இடம் இதுதான். காலை ஏழு மணிக்குச் சதுப்பு ஓரத்தில் பூநாரைகள், தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு மாதிரி. வெளிமான் கூட்டம் புல்வெளியில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தது. மட்டக் குதிரைகளும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் சில இடத்தில் கிடக்கின்றன.

கோடியக்காடு, கோடியக்கரை இரண்டு ஊரிலும் பேசினோம். ஆடு மாடு காட்டுக்குள் போகக்கூடாது, விறகு பொறுக்கக்கூடாது. மானுக்குப் புல் வேண்டும், புரிகிறது. ஆனால் சீமைக் கருவேலம் புல்வெளியை எப்படி விழுங்கியிருக்கிறது என்பதை நேரில் பார்த்தேன், அதை வெட்டி எடுத்துப்போக ஊர்க்காரர்களுக்கு முறைப்படி வழி செய்தால் மானுக்கும் நல்லது, அடுப்புக்கும் நல்லது. ஐப்பசியிலிருந்து மாசி வரை வெளியூர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்குகிற கரை இது. குடிநீர், கழிப்பறை, பனிக்கட்டி வைக்க ஒரு இடம், அதுதான் எப்போதும் கேட்பது.

ஒரு டீக்கடை அண்ணன், வேதாரண்யம் சதுப்பைக் காட்டி, "அங்க கண்ணுக்கு எட்டின தூரம் பெரிய குத்தகை உப்பளம். அதுவும் பறவை வர்ற இடம்தான். நான் பின்னாடி ஒரு தகரம் இழுத்துக் கட்டினா மட்டும் உடனே ஆள் வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை. சட்டம் ஒரே அளவாகப் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் விழுந்தால் ஊரில் பாதி வருத்தம் குறையும்.

ஏழாம் நாள்: முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையிலிருந்து படகு. அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், வாங்கினோம். கோரையாறு நெடுக இரண்டு பக்கமும் அலையாத்தி, முகப்புக்குப் போகப் போக அகலமாகி, கடைசியில் கண் கூசுகிற கழிமுகம். கஜாவில் கருகிப்போன மரங்கள் வெள்ளைக் குச்சியாக நிற்கின்றன, அவற்றின் காலடியில் வாய்க்கால் ஓரமாக வரிசை வரிசையாக முழங்கால் உயரத்துக்குப் புதுக் கன்றுகள். மாமா ஒரு வரிசையை எண்ண ஆரம்பித்து நாற்பத்தெட்டில் விட்டுவிட்டார்.

படகு ஓட்டி, ஐம்பது வயசு இருக்கும், வழியில் ஒரு இடத்தில் நிறுத்தினார். அவர் ஊர்க்காரர்கள் மீன் இறக்குகிற இடம். சேற்றில் பனங்கட்டை போட்டிருக்கிறார்கள். போன மார்கழியில் அவர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு சின்னப் படித்துறை, பத்துக் கல் படி. கேட்டால் ராம்சர் என்கிறார்கள் என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம், ஏதோ ஒரு பெரிய அதிகாரியின் பேர் மாதிரி இருந்தது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 2017 ஈரநில விதிகளில், வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிற அதே வரியிலேயே, படகுத் துறை நீங்கலாக என்று இருக்கிறது. காப்புக் காட்டுக்கும் கடலோர மண்டலத்துக்கும் அந்த விதி பொருந்தாது, அங்கே வேறு சட்டம், வேறு அனுமதி. "முதல்ல உங்க படி எந்தக் கோட்டுக்குள்ள வருதுன்னு எழுத்துல பதில் வாங்கணும்" என்றார். சர்வே எண் தெரியுமா என்று கேட்டார். தெரியவில்லை. ஊர்ப் பேர், கரையில் இருந்த மின்கம்பத்து எண், ஆற்றின் எந்தப் பக்கம், கட்டையிலிருந்து அலையாத்தி விளிம்பு வரை எத்தனை மீட்டர், எல்லாவற்றையும் இறங்கிச் சேற்றில் நின்று அளந்தார். நான் டேப்பின் மறுமுனை. முப்பத்தேழு மீட்டர்.

அப்புறம் நோட்டில் நாலு தாளைக் கிழித்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். பெறுநர்: வனச்சரக அலுவலர், வட்டாட்சியர், ஊராட்சித் தலைவர். நகல்: மாவட்ட ஆட்சியர். பொருள்: மீன் இறக்கும் இடத்தில் கல் படி அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக. படகு ஓட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் படகைப் பிடித்துக்கொண்டார், ஏற்றம் வடிய ஆரம்பித்திருந்தது. மாமா எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். "அம்மா விழுந்ததையும் போடுங்கய்யா" என்றார் அவர். மாமா பக்கத்தில் இடம் விட்டு, மார்கழி என்று எழுதி, தேதி என்ன என்று கேட்டார்.